உங்களுக்குத் தெரியுமா? கோவை பெற்றெடுத்த பழங்கள்!

காலையில் நறுக்கித் தட்டில் வைக்கிறீர்களே பப்பாளி, அதற்கும் இனிஷியல் உண்டு தெரியுமா? ‘கோ’! கோ 1-இல் தொடங்கி கோ 8 வரை எட்டு ரகங்கள். எட்டுக்கும் பிறந்த வீடு ஒன்றே. கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்!

மூத்தது கோ 1. வெளிவந்த ஆண்டு 1972. கடைக்குட்டி கோ 8, சிவப்புச் சதைக்காரி. வெளிவந்த ஆண்டு 2011. மூத்ததுக்கும் இளையதுக்கும் வயது வித்தியாசம் 39!

‘கோ’ என்றால் கோவை. ‘பி.கே.எம்.’ என்றால் பெரியகுளம். ‘பி.எஸ்.ஆர்.’ என்றால் பவானிசாகர். ‘ஏ.எல்.ஆர்.’ என்றால் ஆழியாறு நகர். இனி விதைப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலே அது எந்த ஊர்ப் பிள்ளை என்று நீங்களே சொல்லிவிடலாம்!

கோ 3 பப்பாளிக்கு அம்மா நம்ம ஊர் கோ 2. அப்பா ‘சன்ரைஸ் சோலோ’. அவருக்கு எந்த ஊர்? பசிபிக் கடல் நடுவே கிடக்கும் ஹவாய்! குழந்தை வெளியான ஆண்டு 1983. அம்மாவைவிட அப்பாவின் சாயல்தான் அதிகம். கையடக்கமான பழம், தேன் இனிப்பு!

பழத்துக்காக இல்லாமல் பாலுக்காகவே தேர்ந்தெடுத்த பப்பாளி ஒன்று உண்டு. அதுதான் கோ 5. வாஷிங்டன் ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்து 1985-இல் வெளியிட்டார்கள். காயைக் கீறினால் வெள்ளை வெளேரென்று பால் வடியும். அந்தப் பாலை உலர்த்தினால் கிடைப்பது பப்பாயின். ஒரு காயில் 14 முதல் 15 கிராம். ஒரு ஹெக்டேரில் 1,500 கிலோவுக்கு மேல்!

இந்தப் பாலை எடுக்கும் அழகை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். விடிகாலை நேரம். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். 70 நாளைத் தாண்டிய பச்சைக் காய். காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் நாலே நாலு கீறல். ஆழம் 3 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் கத்தி இறங்கக் கூடாது! கீழே அலுமினியத் தட்டு. சொட்டுச் சொட்டாக இறங்கும் பால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தயிர் போல் உறைகிறது. மூன்று நான்கு நாள் கழித்து அதே காய், வேறு இடத்தில் கீறல், மறுபடியும் பால்!

அந்தப் பால் எங்கே போகிறது தெரியுமா? கறியைப் பூப்போல் வேகவைக்க. தோல் பதனிட. பீர் கலங்காமல் தெளிவாக நிற்க. செரிமான மாத்திரைக்குள்ளும் அதுதான்!

பப்பாளி நாற்று வாங்கி நட்டீர்கள். ஐந்து மாதம் தண்ணீர் விட்டீர்கள். பூத்தது. பார்த்தால் ஆண் மரம்! காயே வராது. தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் பழகிப்போன ஏமாற்றம் இது. ஆண், பெண் தனித்தனியாக இருக்கும் ரகத்தில் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். மிச்சத்தை வெட்டி எறிய வேண்டியதுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் குட்டி நாற்றின் இலைத் துணுக்கு ஒன்று இருந்தாலே போதும். டி.என்.ஏ. அடையாளத்தை வைத்து ஆணா, பெண்ணா, இருபாலா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள்!

மனிதருக்கு இருப்பது போலவே பப்பாளிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம் உண்டு! 2004-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தபோது தாவரவியல் உலகமே துள்ளியது. பப்பாளியின் ஒய்க்கு வயது சுமார் 70 லட்சம் ஆண்டுதான். மனித ஒய்க்கு 15 கோடிக்கும் மேல். பச்சைக் குழந்தை! இரண்டு ஒய் சேர்ந்துவிட்டால் அந்தக் கரு பிழைப்பதே இல்லை!

ஒரு வைரஸ் ஹவாய்த் தீவின் பப்பாளித் தோட்டங்களைத் துடைத்தெடுத்தது. வளையப்புள்ளி வைரஸ் என்று பெயர். நம்ம கொங்குச் சீமைப் பப்பாளிக்காரர்களுக்கும் தெரிந்த வில்லன்தான். ஹவாய்க்காரர் டென்னிஸ் கொன்சால்வஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்த வைரஸின் மேலுறைக்கான மரபணுவையே எடுத்துப் பப்பாளிக்குள் வைத்தார். வைரஸ் வந்தது, தோற்றது! 1998-இல் விதை விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மரபணு மாற்றுப் பப்பாளியின் ஜீனோமை 2008-இல் படித்து வெளியிட்டார்கள். எழுத்துகள் மொத்தம் 37 கோடி. பூக்கும் தாவரங்களில் ஜீனோம் படிக்கப்பட்ட ஐந்தாவது தாவரம் பப்பாளி. மரபணு மாற்றிய பயிர்களில் முதலாவது!

கோவை வேறு வழியில் போனது. காட்டுக்குள் பப்பாளிக்கு ஓர் ஒன்றுவிட்ட சொந்தம் இருக்கிறது. வாஸ்கான்செல்லியா காலிஃபுளோரா என்று நீளமான பெயர். இந்த வைரஸ் அதை அசைக்காது. அதையும் நம்ம பப்பாளியையும் சேர்த்து வைக்கலாம் என்றால் இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. பேரினமே வேறு! கோவை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த தந்திரம்: மகரந்தச் சேர்க்கையின்போது சர்க்கரைக் கரைசல்! இனிப்பு பட்டதும் மகரந்தம் முளைத்தது. கலப்பினக் கன்று கிடைத்தது. 2011-இல் உலக ஆய்விதழில் ஏறியது!

தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் கீழே காய்க்கிற பப்பாளியைப் பார்த்திருக்கிறீர்களா? பீகாரின் பூசா நிலையத்தில் காமா கதிரைப் பாய்ச்சி உருவாக்கினார்கள். பெயர் பூசா நன்ஹா. 30 சென்டிமீட்டர் உயரத்திலேயே காய் பிடிக்கிறது. மாடித் தோட்டக்காரர்களே, குறித்துக்கொள்ளுங்கள்!

வாழையின் ரகசியம்

உங்கள் உடம்பில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. வாழைக்கு? 36,542! 2012-இல் எண்ணி முடித்துவிட்டார்கள். அறிவில் யார் பெரியவர் என்று தெரியாது, மரபணுவில் வாழைதான் பெரியது!

வாழைப்பழத்தில் விதை ஏன் இல்லை? கணக்குதான் காரணம். வாழைக்கு ஒரு செட்டுக்கு 11 குரோமோசோம். நாம் தின்னும் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று செட். மொத்தம் 33. இதைச் சரிபாதியாகப் பிரிக்க முடியுமா? முடியாது. அதனால் விதை கிடையாது!

செவ்வாழை ஏ.ஏ.ஏ. பூவன் ஏ.ஏ.பி. ரஸ்தாளி ஏ.ஏ.பி. மொந்தன் ஏ.பி.பி. இரத்த வகை இல்லைங்க, ஜாதகம்! ‘ஏ’ ஒரு காட்டு வாழையிடமிருந்து வந்த செட். ‘பி’ இன்னொரு காட்டு வாழையிடமிருந்து வந்தது. வறட்சியைத் தாங்கும் குணம் ‘பி’ கொடுத்த சீதனம். தண்ணீர் குறைந்தாலும் மொந்தன் ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று இப்போது புரிகிறதா?

இந்த ஜாதகத்தை முதலில் கணித்தவர்களிடம் டி.என்.ஏ. கருவி எதுவும் இல்லை! 1955-ஆம் ஆண்டு. சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்று இரண்டு பேர். இலைக்காம்பின் வாய்க்கால், பூவின் மடல், நிறம் என்று 15 அடையாளங்களுக்குக் கண்ணால் பார்த்தே மதிப்பெண் போட்டார்கள். இன்றும் உலகமே அந்த எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறது!

விதையே இல்லாத பயிரில் ஒட்டுச்சேர்க்கை செய்வது எப்படி? ஹோண்டுராஸ் நாட்டுக்காரர்களைக் கேளுங்கள். 30,000 வாழைகளுக்குக் கையாலேயே மகரந்தம் தூவினார்கள். கிடைத்த பழம் 400 டன். அத்தனையையும் உரித்து, பிசைந்து, சல்லடையில் அரித்தார்கள். கையில் சிக்கிய விதை எத்தனை? சுமார் 15!

அப்படிக் கிடைத்ததுதான் ‘கோல்ட்ஃபிங்கர்’ வாழை. அதன் அம்மா எந்தக் குடும்பம் தெரியுமா? பழனி மலையின் விருப்பாச்சி எந்தக் குடும்பமோ அதே போம் குடும்பம்! ஹோண்டுராஸும் விருப்பாச்சியும் ஒரே வம்சம் என்றால் நம்ப முடிகிறதா?

இந்தியாவில் வாழை ஒட்டுச்சேர்க்கை தொடங்கிய ஆண்டு 1949. இடம் ஆடுதுறை. பிறகு அந்த வேலை கோவைக்குக் குடிபெயர்ந்தது. 1984-இல் ‘கோ 1’ வாழை பிறந்தது. அதன் கதையைக் கேளுங்கள். விருப்பாச்சிக்கு மலைதான் பிடிக்கும். சமவெளியில் வை என்றால் முகம் சுளிக்கும். அதனால் லாடன் வாழையைக் காட்டு வாழையோடு சேர்த்தார்கள். பிறந்ததைக் கதளியோடு சேர்த்தார்கள். மூன்று தரப்பு ரத்தம்! விளைந்தது விருப்பாச்சியின் குணத்தோடு சமவெளியில் வளரும் வாழை!

விருப்பாச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. பழனி பஞ்சாமிர்தத்தின் உயிர் அந்தப் பழத்தில்தான் இருக்கிறது. விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. 2019-இல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பழத்துக்கும் முத்திரை, பிரசாதத்துக்கும் முத்திரை!

ஆனால் அந்த வாழை அழியப் பார்த்தது தெரியுமா? ஒரு காலத்தில் 18,000 ஹெக்டேர். முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் உச்சியில் கொத்தாகக் குவிந்து நின்றுவிடும், தார் போடாது. பரப்பு சுருங்கிச் சுருங்கி 2,000 ஹெக்டேருக்கு வந்துவிட்டது! மீட்டது எது? வளர்நுனியில் இருக்கும் கடுகளவுத் திசு! அந்த நுனிக்கு வைரஸ் அவ்வளவு எளிதாகப் போய்ச் சேராது. அதை மட்டும் வெட்டி, கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, சோதித்து, நோயில்லாத கன்றாக மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோவைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நமக்குச் செய்த இந்தக் கைங்கரியத்துக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்!

இந்திய வாழையில் ‘கிரிஸ்பர்’ மரபணுக் கத்திரியை முதன்முதலில் வைத்தது எந்த ரகத்தில்? நம்ம ரஸ்தாளியில்! 2018-இல் மொகாலி ஆய்வகத்தில் ஒரே ஒரு மரபணுவை வெட்டினார்கள். கன்று வந்தது. பச்சையே இல்லை. தலைமுதல் கால்வரை வெள்ளை! கத்திரி சரியான இடத்தில்தான் வெட்டியது என்பதற்கு அந்த வெள்ளைக் கன்றே சாட்சி.

இரண்டே ஆண்டில் அடுத்த பாய்ச்சல். 2020. இந்த முறை ‘கிராண்ட் நைன்’ வாழை. உள்ளே இருந்த மரபணு ஒன்றை மட்டும் முடக்கினார்கள். கண்ணுக்கு நல்லது செய்யும் பீட்டா கரோட்டின் 6 மடங்கு வரை ஏறியது!

ரஸ்தாளியை விழுங்கும் வாடல் நோயின் அண்ணன் ஒருவன் இருக்கிறான். பெயர் டி.ஆர்.4. உலகத்தின் ஏற்றுமதி வாழையையே அசைத்துக்கொண்டிருப்பவன். அவனை எதிர்க்கும் மரபணுவை எங்கே பிடித்தார்கள்? யாரும் தின்னாத ஒரு காட்டு வாழையில்! அதை வைத்து உருவாக்கிய ரகத்துக்கு 2024-இல் ஆஸ்திரேலியா அனுமதி கொடுத்துவிட்டது. ஆகவே மலையேறும்போது கொட்டை நிறைந்த காட்டு வாழையைப் பார்த்தால் வெட்டாதீர்கள்!

கண்வலிக் கிழங்கும் தர்பூசணியும்

மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் நெருப்பு நிறத்தில் பூத்துக் கிடக்குமே செங்காந்தள், நம்ம மாநில மலர், அதற்கும் விதையில்லாத் தர்பூசணிக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய சம்பந்தம்! செங்காந்தளின், அதாவது கண்வலிக் கிழங்கின், விதைக்குள் இருக்கிறது கோல்சிசின். மூட்டுவாத மருந்து என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே கோல்சிசினைத் துளிரில் ஒரு சொட்டு வைத்தால் செடியின் குரோமோசோம் இரண்டு மடங்காகிவிடும்! 1937-இல் வெளியான கண்டுபிடிப்பு. தர்பூசணிக்கு 22. கோல்சிசின் பட்டால் 44. 44-ஐயும் 22-ஐயும் சேர்த்தால் குழந்தைக்கு 33. விதை இல்லை! ஜப்பானின் கிஹாரா இதைச் செய்து காட்டினார்.

33! வாழைக்கும் அதே எண்தான், கவனித்தீர்களா? இரண்டு பழம், ஒரே கணக்கு!

உலகத்தில் கோல்சிசின் வேறு பூவிலும் கிடைக்கிறது. ஆனாலும் மூலனூர்க் காட்டு மண்ணில் விளையும் விதை கப்பலேறிப் போகிறது என்று நினைத்தாலே நமக்குப் பெருமைதான்!

தேங்காயும் பழம்தாங்க!

தாவரவியல்படி தேங்காய் ஒரு பழம். அப்படியானால் பொள்ளாச்சிதான் தமிழ்நாட்டின் பெரிய பழத்தோட்டம்!

உலகத்தின் முதல் ஒட்டுத் தென்னை பிறந்தது 1932-இல். இடம் நீலேஸ்வரம். இன்று கேரளம், அன்று நம் சென்னை மாகாணம். நெட்டையையும் குட்டையையும் சேர்த்தவர் ஜே.எஸ்.படேல். அதற்கு முன் உலகில் எவரும் செய்ததில்லை!

தென்னையில் ஒட்டுச்சேர்க்கை செய்வது என்றால் சும்மா இல்லை. முதலில் மரம் ஏற வேண்டும். வெடித்த பாளையில் ஆயிரக்கணக்கில் ஆண் பூ. அரிசி மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். ஒன்று விடாமல் நறுக்கித் தள்ள வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை வீண்! மிச்சம் நிற்பது 20, 30 பெண் பூக்கள், பொத்தான் பொத்தானாக. பாளை முழுவதையும் பை போட்டு மூட வேண்டும். சில வாரம் காத்திருக்க வேண்டும். பெண் பூவின் நுனியில் தேன் பளபளத்தால் அதுதான் நேரம். மறுபடியும் ஏறு! மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து ஊது! எல்லாப் பூவும் ஒரே நாளில் தயாராகாது. அதனால் நாளையும் ஏறு, நாளன்றைக்கும் ஏறு! காய் முற்ற ஒரு வருடம். அதை நட்டுக் காய் பார்க்க இன்னும் பல வருடம். ஒரு ரகம் வெளிவருவதற்குள் ஆராய்ச்சியாளரின் தலை நரைத்துவிடும்!

தென்னையின் ஜீனோமில் எத்தனை எழுத்து? 240 கோடி! மனிதனுக்கே 300 கோடிதான். நெல்லுக்கு 40 கோடியைச் சுற்றித்தான்.

ஆழியாறு நகர் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.எல்.ஆர். 1 எங்கிருந்து வந்தது தெரியுமா? கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசம்பட்டி நெட்டையிலிருந்து! வறட்சி தாங்கும். ஆண்டுக்கு ஒரு மரத்தில் 126 காய்!

பொள்ளாச்சி, ஆனைமலைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது கேரள வேர் வாடல் நோய். அந்த நோயின் கதை 1882-இல் தொடங்குகிறது. 140 ஆண்டு கடந்தும் மருந்து கிடையாது! பிறகு என்னதான் வழி? காயங்குளத்து விஞ்ஞானிகள் செய்ததைப் பாருங்கள். நோய் கொடுமையாக ஆடும் தோப்புகளுக்கே போனார்கள். சுற்றிலும் மரங்கள் வாடி நிற்க, நடுவில் ஒன்றுமே ஆகாதது போல் நிற்கும் மரங்களைத் தேடினார்கள். அந்த மரங்களையே தாயாக எடுத்தார்கள். கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா என்று மூன்று ரகம் பிறந்தது! இவற்றில் கல்பசங்கரா ஒட்டு ரகம். சாவக்காட்டுப் பச்சைக் குட்டையும் மேற்குக் கடற்கரை நெட்டையும் சேர்ந்தது. தோப்பு வைத்திருப்பவர்களே, இந்த மூன்று பெயரையும் சுவரில் எழுதி வையுங்கள்!

தேங்காயை உடைத்தால் தண்ணீர் இல்லாமல் தயிர் மாதிரிக் கொழகொழவென்று இருந்தால்? தயிர்த் தேங்காய்! கெட்டுப்போனதென்று எறிந்துவிடாதீர்கள். பிலிப்பைன்ஸில் ஐஸ்கிரீம் கடைக்காரர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் பொக்கிஷம் அது. ஒரே சிக்கல், அந்தக் காயை நட்டால் முளைக்காது. 1960-களில் எமெரிட்டா டி குஸ்மான் என்ற பெண் விஞ்ஞானி உள்ளே இருக்கும் சின்னக் கருவை மட்டும் தோண்டியெடுத்து ஆய்வுக்கூடத்தில் முளைக்க வைத்தார். இன்று தோப்புத் தோப்பாக நிற்கிறது!

சப்போட்டா முதல் மங்குஸ்தான் வரை

கோ 1 சப்போட்டாவின் பெற்றோர் பெயர் தெரியுமா? ஒன்று ‘கிரிக்கெட் பால்’. இன்னொன்று ‘ஓவல்’. மைதானத்திலேயே பிறந்த பழம்!

நம்ம ஊர் நீலம் மாம்பழம் டெல்லிக்குச் சம்பந்தம் போட்டது தெரியுமா? சேலம், கிருஷ்ணகிரிச் சந்தையில் ஆடி வரை வருமே, அதே நீலம்தான். வடக்கத்தி தஷேரியோடு சேர்ந்தது. நீலம் தாயாக இருந்தால் பிறந்தது மல்லிகா. தஷேரி தாயாக இருந்தால் பிறந்தது ஆம்ரபாலி. அதே இரண்டு பேர், இடம் மாறியதும் குழந்தை வேறு!

அந்த ஆம்ரபாலி குட்டை மரம். வழக்கமான மா ஹெக்டேருக்கு 100 மரம் நடலாம். ஆம்ரபாலி 1,600!

ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ. பழமாகிக் கைக்கு வருவது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை! ஒட்டுச்சேர்க்கை செய்கிறவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும், யோசியுங்கள்.

பவானிசாகர் பி.எஸ்.ஆர். 1 நெல்லி. ஒரே மரத்தில் ஆண்டுக்கு 155 கிலோ!

பி.கே.எம். 1 செடிமுருங்கை. மரமாக வளர்ந்து காய்க்கும்வரை காத்திருந்த காலம் போயிற்று. விதைத்த ஆறே மாதத்தில் காய்! 1989-இல் பெரியகுளத்தில் வந்த ரகம். அரவக்குறிச்சிக் காட்டிலும் முளைக்கிறது, ஆப்பிரிக்காவிலும் முளைக்கிறது!

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு. மலையேறும் வழியில் பர்லியாறு. கல்லாறு பண்ணை 1900-இல் வந்தது. பர்லியாறு அதற்கும் மூத்தது, 1871. அங்கே காய்க்கும் மங்குஸ்தானில் ஓர் அதிசயம். ஆண் பூவின் துணையே இல்லாமல் விதை பிடிக்கிறது! அப்பா இல்லாத விதை. அதனால் பிள்ளை அப்படியே அம்மா. ரகத்தை மேம்படுத்த ஒட்டுச்சேர்க்கை செய்யலாம் என்றால் மகரந்தத்துக்கே வழியில்லை. ஆராய்ச்சியாளர்களைத் திணறடிக்கும் பழம்!

அமெரிக்காவின் டெக்சாஸில் ‘ரியோ ரெட்’ என்று ஒரு பம்ப்ளிமாஸ் சொந்தம். ரத்தச் சிவப்பு. நியூட்ரான் கதிர் பாய்ச்சி உருவாக்கியது. வெளியான ஆண்டு 1984. நம்ம ஈரோடு மஞ்சளுக்கும் அதே வைத்தியம் நடந்தது! எக்ஸ்ரே பாய்ச்சி 1983-இல் கோ 1 மஞ்சள், 1986-இல் பி.எஸ்.ஆர். 1 மஞ்சள். அமெரிக்காவைவிட ஓர் ஆண்டு முந்திவிட்டோம்!

கரும்பு பழம் இல்லைதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912-இல். கோவை மண்ணில் கரும்பு தாராளமாகப் பூக்கும் என்பதுதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம்! அங்கே பார்பர், வெங்கட்ராமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வெள்ளைக் கரும்பைக் கோவைப் பக்கத்துப் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். கரையோரம் களையாக நின்ற புல்! 1918-இல் ‘கோ 205’ வடநாட்டு வயலில் இறங்கியது. வட இந்தியாவின் கரும்பு வயலே மாறிப்போனது!

அதே நிலையத்தில் 1934-இல் ஒரு பெண் விஞ்ஞானி சேர்ந்தார். பெயர் ஜானகி அம்மாள். ஊர் தலச்சேரி. கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்துக் கலப்பினம் எடுத்தவர்! பின்னாளில் லண்டன் போய், டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் எழுதினார். வெளியான ஆண்டு 1945. ஒரு வெள்ளை மக்னோலியா பூவே அவர் பெயரில் பூக்கிறது. 1977-இல் பத்மஸ்ரீ. கோவையில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லுங்கள்!

லாலி ரோட்டில் தினமும் போகிறீர்கள். யார் அந்த லாலி? சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி! 1906-இல் கோவை வேளாண் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர். அந்தக் கல்லூரியின் வேர் இன்னும் பழையது. 1868-இல் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. பல்கலைக்கழகம் ஆனது 1971-இல்!

ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த முறை கன்று வாங்கப் போனால் “நல்ல கன்றா?” என்று கேட்காதீர்கள். “என்ன ரகம்? எந்த நிலையத்து ரகம்? தாய் மரம் எங்கே?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் காசை நீட்டாதீர்கள். பப்பாளியில் ஏமாந்தால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். மாவிலும் தென்னையிலும் ஏமாந்தால் தெரியவே ஐந்தாறு வருடம் ஆகும்!